விழாக்கதையும் வரலாற்று உண்மையும்

ஓர் இனத்தின் வரலாற்றை இளையோர்க்கு முதன்முதல் அறிமுகம் செய்பவை விழாக்களே. பாடநூலைத் திறக்கும் முன்னரே குழந்தை பொங்கற்பானையைக் கண்டுவிடுகிறது. ‘இது எதற்கு?’ என அது வினவும்போது வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்கும் விடையே அதன் முதல் வரலாற்றுப் பாடமாகும். அவ்விடையில் நடந்ததும் புனைந்ததும் வேறுபாடின்றிக் கலந்திருப்பின் விளைவு என்ன? வளர்ந்தபின் ஒன்று பொய்யெனக் காணும் பிள்ளை, அதனோடு சேர்த்து வைக்கப்பட்ட மெய்யையும் ஐயுறத் தொடங்கும். இழப்பு கதைக்கு மட்டுமன்று; இலக்கியத்திற்கும் உண்டு.

இதற்குப் பொங்கல் திருநாள் ஒன்றே போதிய சான்றாகும். அந்நாளைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கூறப்படுவனவற்றுள் மூன்றனை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வகை உண்மையை உடையது எனக் காணலாம்.

வானம் தரும் விடை

‘தை முதல்நாளில் கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புகிறான்’ என்பது முதற்கூற்று. இது வானத்தைப் பற்றியது. ஆதலின் வானத்தையே கேட்டல் வேண்டும். பள்ளி முற்றத்தில் 100 செ.மீ. உயரமுள்ள கோல் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, நாள்தோறும் உச்சிப்பொழுதில் நிழலை அளந்து வரச் செய்யலாம். சென்னையில் டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களில் அந்நிழல் ஏறத்தாழ 74 செ.மீ. இருக்கும். ஆண்டில் அதுவே மிக நீண்ட உச்சிநிழல். பொங்கலன்று அது ஏறத்தாழ 68 செ.மீ. அளவிற்குக் குறைந்திருக்கும். கதிரவன் திரும்பி மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே அறிவர்.

அவ்வாறாயின் முன்னோர் கூறியது பொய்யோ? அன்று. தமிழ் மாதக் கணக்கு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. பருவங்களின் சுழற்சியோ கதிரவனின் வடசெலவு தென்செலவுகளைப் பொறுத்தது. நிலவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால் இவ்விரு கணக்குகளும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் விலகுகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றியிருந்தன. எனவே அக்கூற்று, பிறந்த காலத்தில் உண்மையாகவே இருந்தது. பழைய நோக்கறிவின் பதிவு அது என்று உணரும் மாணவன் முன்னோரை எள்ளமாட்டான். அவர்தம் அளவையை மீண்டும் அளந்து பார்க்கவும் தயங்கமாட்டான்.

நூல் தரும் விடை

‘சங்க காலத்திலேயே பொங்கல் விழா இருந்தது’ என்பது இரண்டாவது. இது நூலைப் பற்றியது. ஆதலின் நூலைத் திறத்தல் வேண்டும். தைத் திங்களில் மகளிர் நீராடும் வழக்கை நற்றிணையும் ஐங்குறுநூறும் பரிபாடலும் குறிக்கின்றன. சிலப்பதிகாரத்தில் இந்திர விழவின்போது பூதத்திற்குப் படைத்த பொருள்களுள் பொங்கலும் ஒன்று. ஆனால் தை முதல்நாளில் பொங்கல் என்னும் பெயரால் உழவர் விழா எடுத்த செய்தி சங்க நூல்களில் இல்லை. மாறாக, கார்த்திகை விளக்கீட்டிற்கு அகநானூற்றில் தெளிவான சான்று உண்டு. நிறைமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவில் தெருக்களில் விளக்கேற்றி மாலை தூக்கிய மூதூர் அங்கே காட்சி தருகிறது.

சான்று உள்ளதை உள்ளது என்றும், குறிப்பு மட்டும் உள்ளதைக் குறிப்பு என்றும் பிரித்துரைக்கப் பழக்குவதே இங்கு ஆசிரியர் கடன். தொன்மையை மிகுத்துக் கூறுதல் பற்றுடைமைபோல் தோன்றினும், உண்மையில் அது நூல்களின்மீது நம்பிக்கையின்மையே ஆகும். உள்ளவற்றின் பெருமை போதாதென்று கருதுவோரே இல்லாததைச் சேர்ப்பர்.

கதை தரும் விடை

மூன்றாவது, மாட்டுப் பொங்கற் கதை. நாள்தோறும் எண்ணெய் தேய்த்து நீராடுக, திங்களுக்கு ஒருமுறை உண்க என உலகோர்க்கு அறிவிக்குமாறு சிவபெருமான் நந்தியை அனுப்பினார் என்றும், நந்தி அதனை மாற்றிக் கூறிவிட்டது என்றும், நாள்தோறும் உண்போர்க்கு வேண்டும் விளைச்சலைப் பெருக்க ஏரிழுக்குமாறு அது பணிக்கப்பட்டது என்றும் கூறுவர். ‘இது எந்த ஆண்டில் நடந்தது?’ என இக்கதையிடம் கேட்பது வினாப்பிழை. ‘இது எதனைச் சொல்ல எழுந்தது?’ என்பதே உரிய வினா. தன் பசிக்காகப் பிறிதோர் உயிர் நுகத்தைச் சுமப்பதற்கு மனிதன் காரணம் தேடினான். அக்கடப்பாட்டு உணர்வே கதையாயிற்று. நிகழ்ச்சியாகக் கொள்ளின் நில்லாத கதை, நன்றியின் மொழியாகக் கொள்ளின் நிலைபெறும்.

இம்மூன்றினும் வேறாய் ஒன்றுண்டு. தை முதல்நாளே தமிழ்ப் புத்தாண்டு எனத் தமிழக அரசு 2008இல் சட்டம் இயற்றியது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. சித்திரை முதல்நாளே மீண்டும் புத்தாண்டாயிற்று. ஆண்டின் தொடக்கம் எதுவென்பது உண்மை, புனைவு என்னும் இரண்டிலும் அடங்காது. அது மக்கள் செய்துகொள்ளும் உடன்பாடு. உடன்பாட்டை இயற்கை விதிபோல் கற்பித்தலும் தவறே.

ஆகவே குழந்தைக்குத் தரவேண்டியது ஆயத்த விடையன்று. எவ்வகைக் கூற்றிற்கு எங்கே சான்று தேடுவது என்னும் நெறி. வானத்திற்குக் கோலும் நிழலும், இலக்கியத்திற்கு மூலநூல், கதைக்கு அதன் உட்பொருள், வழக்கிற்கு அதனை ஏற்ற மக்கள். பத்து வயதுப் பிள்ளையும் இப்பாகுபாட்டை எளிதில் கற்கும். கற்பிப்போர்க்கே துணிவு வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம், வரும் மார்கழியில் தன் உறுப்பினர்தம் பிள்ளைகளைக் கூட்டி ஒரு கோலை நட்டுத் தொடங்கலாம். நிழலை அளந்த கைகளிலேயே அகநானூற்றையும் கொடுக்கலாம். அதன்பின் பொங்கும் பானையின் இனிப்பு ஒரு துளியும் குறையாது.