வேற்றுக்கிரக ஆசிரியருக்கு வந்த தபால்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1984 ஜூலை முதல் வாரம். பிரிட்டனின் பத்திரிகைக் கடைகளில் '2000 ஏடி' என்னும் அறிவியல் புனைகதை வார இதழின் 376ஆவது இதழ் வந்து இறங்குகிறது. அந்த இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பையன்கள். பெரிய துப்பாக்கி, பெரிய மோட்டார் சைக்கிள், ரோபோ, தெருவிலேயே தண்டனை கொடுத்துவிட்டுப் போகும் நீதிபதி, இவையெல்லாம் அவர்களுக்குப் பழகியவை. அன்று தொடங்கிய புதிய தொடரில் இவை எதுவும் முன்னால் நிற்கவில்லை. நாயகி ஹாலோ ஜோன்ஸ் பதினெட்டு வயதுப் பெண். காலம் ஐம்பதாம் நூற்றாண்டு. வேலையில்லாத ஏழைகளை ஊருக்குள் வைத்துக்கொள்ள மனமில்லாமல், அமெரிக்கக் கரையோரக் கடலில் மிதக்கவிட்ட வளைய வடிவக் குடியிருப்பில் அவள் வாழ்கிறாள். அபூர்வ சக்தி எதுவும் அவளுக்குக் கிடையாது. தோழியோடு கடைக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறாள். அந்தப் பயணம் வாரக்கணக்கில் நீள்கிறது.

எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் இயன் கிப்சன். எதிர்காலத்து மனிதர்கள் எதிர்காலத்துக் கொச்சையில் பேசுகிறார்கள். யாரும் நின்று விளக்கம் சொல்வதில்லை. வாசகன் அந்த ஊருக்குள் நேராகத் தூக்கிப் போடப்படுகிறான். வந்த எதிர்வினையும் அப்படியே நேராக இருந்தது: புரியவில்லை, அடிதடி இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை. முதல் பாகத்தைப் படித்துப் பலரும் குழம்பிப் போனதை மூரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. பையன்களுக்கு ரசனை போதாது என்று சொல்லிக் கடிதங்களை ஒதுக்கியிருக்கலாம். அல்லது அடுத்த பாகத்தில் ஹாலோவின் கையில் பீரங்கியைக் கொடுத்துச் சுடவிட்டிருக்கலாம். மூரும் கிப்சனும் இரண்டையும் செய்யவில்லை. 1985இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு வரலாற்றுப் பேராசிரியரின் வகுப்போடு தொடங்கியது. பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் ஹாலோவின் வாழ்க்கையை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறார். முதல் பாகத்தில் விட்டுப்போன விளக்கமெல்லாம் அந்தச் சில பக்கங்களில் வந்துவிட்டது. பிறகு விண்வெளிக் கப்பல், ஒரு கொலையின் மர்மம், கூடவே வந்த ரோபோ நாயின் மறுமுகம் என்று கதை வேகம் பிடித்தது. கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்தது. அதே பாகத்தில்தான், ஒரே அறையில் கூடவே தங்கியிருந்தும் யாருடைய நினைவிலும் நிற்காத ஒரு ஜீவனைப் பற்றிய அத்தியாயமும் வந்தது. அடிதடி கேட்ட பையன்களை நம்பி அப்படி ஓர் அத்தியாயத்தை எழுதியதை எத்தனை பாராட்டினாலும் தகும்.

1986இல் மூன்றாம் பாகம் அவளைப் போருக்கே அனுப்பியது. ஒன்பது பாகங்கள் என்பது திட்டம், மூன்றோடு நின்றது. நிறுத்தியது வாசகர் அல்ல. உரிமை யாருக்கு என்பதில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே எழுந்த பிணக்கு அது. முதலில் புரியவில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கதை இன்றும் நூலாக மறுபதிப்பு காண்கிறது.

கடிதத்துக்குக் காது கொடுப்பது வேறு, கடிதத்துக்குப் பணிந்து போவது வேறு. அந்த இதழ் இந்த வேறுபாட்டைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1976 பிப்ரவரியில், பின்னர் '2000 ஏடி'யையும் வெளியிட்ட ஐபிசி நிறுவனம் 'ஆக்‌ஷன்' என்ற வார இதழைத் தொடங்கியது. உருவாக்கியவர் பாட் மில்ஸ். பையன்கள் அதைக் கொண்டாடினார்கள். செப்டம்பர் மாதத்து இதழ் ஒன்றின் அட்டையில், ஓர் இளைஞன் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். கீழே ஒருவர் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் போலீஸ் தொப்பி ஒன்று. நாளேடுகள் கொதித்தன. அக்டோபரில் இதழையே கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். டிசம்பரில் அது திரும்பி வந்தபோது உயிர் போயிருந்தது. அடுத்த ஆண்டு வேறோர் இதழுடன் சேர்த்துவிட்டார்கள். அதைப் படித்து ரசித்தவனுடைய குரல் ஒரு பக்கம் இருக்க, படிக்காதவர்களுடைய எதிர்வினை அந்த இதழை முடித்துவைத்தது. அந்த அட்டையை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் கார்லோஸ் எஸ்குவேரா. '2000 ஏடி'யின் அந்தத் தெரு நீதிபதி ஜட்ஜ் டிரெட்டின் தலைக்கவசத்தையும் தோளில் உட்கார்ந்த கழுகையும் வடிவமைத்தவரும் இவரே.

அதே மில்ஸ் கையில்தான் அடுத்த இதழும் உருவானது. 1977 பிப்ரவரி 26 தேதியிட்டு '2000 ஏடி' முதல் இதழ் வந்தது. விலை எட்டு பென்ஸ், கூடவே சுழற்றி எறிய ஒரு விளையாட்டுத் தட்டு இலவசம். கதைகள் எதிர்காலத்துக்கும் வேற்றுக்கிரகத்துக்கும் போய்விட்டதால், 'ஆக்‌ஷனை' உலுக்கிய அதே ஆவேசத்துக்கு இங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஆசிரியர் யார் தெரியுமா? தார்க் என்னும் பச்சை நிற வேற்றுக்கிரகவாசி! பீட்டல்ஜூஸ் விண்மீன் பக்கத்திலிருந்து வந்தவர். எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவரிடம் வேலை பார்க்கும் ரோபோக்கள். எண்ணிப் பாருங்கள், ஒரு பத்து வயதுப் பையன் லண்டன் அலுவலகத்து மேலாளருக்குக் கடிதம் எழுதுவானா? வேற்றுக்கிரகவாசிக்கு எழுதுவான். திட்டியும் எழுதுவான். 'நெர்வ் சென்டர்' என்ற கடிதப் பக்கத்தில் அவன் எழுதியதும் வரைந்ததும் அச்சேறின. இதழ் என்று சொல்லாமல் 'புரோக்' என்று சொன்னால்தான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி.

வாசகர் ஓட்டையும் ஆசிரியர் குழு மதித்தது. தொடக்கத்தில் முன்னால் நின்றது, இயந்திர பலம் ஏற்றப்பட்ட உளவாளியின் கதையான 'மாக் 1'. இரண்டாவது இதழில் வந்து சேர்ந்த ஜட்ஜ் டிரெட் மெல்ல மெல்ல அதைத் தாண்டிப் போனது. 1978இல் 'மாக் 1' நாயகன் கதையிலேயே செத்துப் போனான். ஒன்றை மறக்கக் கூடாது. வார இதழின் பக்கங்கள் பல வாரங்களுக்கு முன்பே தயாராகிவிடும். இந்த வாரக் கடிதத்தால் அடுத்த வாரக் கதையில் ஒரு கட்டத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் ஒற்றைக் கடிதத்தின் கோபம் ஆசிரியருக்கு ஒரு தகவல்தான். வாரம் தோறும் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனி எடை.

அப்பாக்களும் சும்மா இருக்கவில்லை. 1950இல் தொடங்கிய 'ஈகிள்' இதழில் டேன் டேர் என்ற விண்வெளி வீரனைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. '2000 ஏடி' அவனை இத்தாலிய ஓவியர் பெலார்டினெல்லியின் கோடுகளில் புது உருவத்தோடு எழுப்பியபோது, இவன் எங்கள் டேன் டேர் அல்ல என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டே டேவ் கிப்பன்ஸ் தூரிகையை வாங்கிக்கொண்டார்.

அதே 1977இல் நடந்த இன்னொன்று, கடிதப் பக்கத்தைவிடப் பெரியது. அதுவரை ஐபிசி நிறுவனத்தில், படத்தின் மூலையில் ஓவியர் தம் பெயரைக் கிறுக்கியிருந்தால் வெள்ளை மை பூசி அழிப்பது வழக்கம். கெவின் ஓ'நீல் என்ற இளம் ஓவியர், கதைக்குக் கதை ஒரு சிறிய பெட்டி போட்டு, எழுதியவர், வரைந்தவர், எழுத்து பொறித்தவர் பெயர்களை அச்சிட வைத்தார். அதன் பிறகுதான் வாசகனால் பெயர் சொல்லிப் புகழவும் பெயர் சொல்லிக் குறை சொல்லவும் முடிந்தது. யார் செய்தது என்று தெரியாத வேலைக்கு விமர்சனம் எப்படி எழுதுவது? இந்தக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தால் அவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

வாசகர் மனம் புண்பட்ட கதையும் உண்டு. 'ஸ்ட்ரோன்டியம் டாக்' தொடரின் ஜானி ஆல்பா, உருமாறிப் பிறந்ததற்காகவே ஒதுக்கப்பட்டவன். கூலிக்குக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பவன். அவனைக் கொன்றுவிட எழுத்தாளர் ஆலன் கிரான்ட் முடிவு செய்தார். அவனை உருவாக்கிய ஓவியர் எஸ்குவேரா வரைய மறுத்துவிட்டார். வேறு ஓவியர்கள் வரைந்தார்கள், 1990இல் ஜானி செத்தான். வாசகர்கள் ஆறவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல் எழுத்தாளர் ஜான் வாக்னரும் எஸ்குவேராவும் சேர்ந்து அவனை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். எஸ்குவேரா அன்று மறுத்தது நியாயம் என்பதே இந்தப் பேச்சின் கட்சி. முதல் வாசகன் ஓவியன்தானே!

தார்க்கையே தூக்கிப் பார்த்தார்கள். 1990களின் நடுவில் சிறிது காலம், கறுப்புக் கோட்டு மனிதர்கள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வாசகருக்குப் பிடிக்கவில்லை. பச்சைக்காரர் திரும்பி வந்தார். சினிமாவிலும் இதே பாடம். 1995 படத்தில் ஸ்டாலோன் ஜட்ஜ் டிரெட்டாக வந்து தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டினார். இதழில் டிரெட் முகம் காட்டுவதே இல்லை என்பதால் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. 2012இல் கார்ல் அர்பன் படம் முழுக்கக் கழற்றாமல் நடித்தார்.

இப்படிப் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? வட அயர்லாந்தில் இந்த இதழைப் படித்து வளர்ந்த கார்த் எனிஸ், இருபதை ஒட்டிய வயதில் ஜட்ஜ் டிரெட் கதையையே எழுத வந்தார். சிறுவயதில் காசு சேர்த்து இதழ் வாங்கிய ஜேசன், கிறிஸ் கிங்ஸ்லி என்ற அண்ணன் தம்பிகள் பின்னாளில் ஆக்ஸ்போர்டில் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனத்தை நடத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் பத்திரிகையையே விலைக்கு வாங்கினார்கள். ஒரு வாரப் பத்திரிகை வாசகரின் சொத்தாகவே ஆன கதை அது.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. 1962இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் லூயிஸ் கிராண்டெல் என்று ஒருவன் வந்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது, அதன் முதல் இதழின் நாயகன் அவன்தான்: இரும்புக்கை மாயாவி. இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் சிரிப்பது தெரிகிறது. அந்த மாயாவியின் உரிமை இன்று அதே ரெபெல்லியன் கையில். லயன், முத்து காமிக்ஸ் இதழ்களில் ஆசிரியர் எஸ். விஜயன் வாசகரோடு பேசும் பக்கங்களும், வாசகர் கடிதங்களும், அடுத்து எந்த நாயகன் வேண்டும் என்ற வாதங்களும் தமிழில் தனியாக ஒரு வாசகர் கூட்டத்தையே வளர்த்திருக்கின்றன.

ஆகவே அன்பர்களே, ஒரு வேண்டுகோள். கையில் இருக்கும் இதழைப் படித்து முடித்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள். "இதழ் அருமை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கத்தில் கதை தொய்ந்தது, எந்தக் கட்டத்தை இரண்டாம் முறை திருப்பிப் பார்த்தீர்கள், யாருடைய கோடு, யாருடைய மொழிபெயர்ப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே எழுதுங்கள். ஹாலோ ஜோன்ஸ் அதைத் தாங்கினாள், நல்ல கதை எதுவும் தாங்கும். பிள்ளைகள் எழுதினால் பெரியவர்கள் திருத்திக் கொடுக்காதீர்கள், அப்படியே போகட்டும். முகவரி ஒவ்வோர் இதழிலும் அச்சாகியிருக்கிறது.