தலை எப்பக்கம் இருக்கிறது?

 

பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தும் இளம் தந்தையர் சிலர், தலை பெரிதாகவும் கால்கள் வளைந்தும் இருப்பது கண்டு கலங்குவதுண்டு. வளர்ந்த மனிதனின் தலை அவனது உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. சிசுவின் தலையோ நான்கில் ஒரு பங்கு. கருப்பையில் கால்களை மடக்கிக் கிடந்தமையால் அவை வளைந்திருக்கின்றன. வளர வளர நேராகும்.

ஸூரா அபஸவின் 20ஆம் வசனம் கூறும் இலேசாக்கப்பட்ட வழி, பிறப்பின் வழியே என முபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர். அவ்வழி எவ்வாறு இலேசாகிறது? 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு சிசு தலை மேலாக இருக்கும். பின்னர் பெரும்பாலானவை தாமாகவே திரும்பி, 36ஆம் வாரமளவில் தலை கீழாக அமைந்துவிடும். பெரிய உறுப்பாகிய தலை முன்சென்று வழி திறந்தால், ஏனைய உடல் எளிதிற் பின்தொடரும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றிணையாதிருப்பதால் சற்றே நகர்ந்து இடங்கொடுக்கும். அதனால் நீண்டு தோன்றும் தலை சில நாட்களில் தானே சீராகும். உம்மம்மாமார் அதனை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

ஆயினும் நிறைமாதத்திலும் 100 சிசுக்களில் 3 அல்லது 4 தலை மேலாகவே இருக்கும். அவ்வாறு பிறக்கையில் உடல் முதலில் வெளிவந்து, தலை இறுதியிற் சிக்கக்கூடும். கொப்பூழ்க்கொடி நசுங்கி சிசுவுக்கு ஒட்சிசன் கிடைக்காமற் போகலாம். முன்கூட்டியே தெரிந்தால், வைத்தியர் தாயின் வயிற்றின் மேலாகக் கைகளால் சிசுவைத் திருப்ப முயல்வார். அல்லது சத்திரசிகிச்சைக்கு ஏற்பாடு செய்வார். தெரியாமலே வலி தொடங்கினால்?

கற்பிட்டிக்கு அப்பால், பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடியமைத்து வாழ்வோருக்கு வைத்தியசாலைப் பயணம் படகிலேயே தொடங்குகிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் கடல் நமது அவசரத்துக்கு இணங்காது. ஆகவே வாலிபர்களே! மனைவியை நேரகாலத்தோடு கரைக்கு அழைத்து வாருங்கள். இறுதி மாதக் கிளினிக்குகளைத் தவறவிடாதீர்கள். ஆணா, பெண்ணா என வினவுமுன், “தலை எப்பக்கம்?” என்று மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். பெற்றோரே! மருமகளைக் கிளினிக்குக்கு அனுப்புவதற்குத் தயங்காதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். படகைக் கட்டாமல் உறங்கச் செல்லும் மீனவர் நம்மிடையே இல்லை. பிள்ளையின் விடயத்திலும் அந்த முன்னெச்சரிக்கை வேண்டும்.

அல்லாஹ் நம் தாய்மாரின் பிரசவத்தை இலேசாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.