முன்பல் சேராத பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு வேலை சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளையைக் கடைவாய்ப் பல்லை நல்லா கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்க. சில பிள்ளைகளுக்குப் பின்பல் எல்லாம் சேர்ந்திருக்கும். முன்னால் மட்டும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல், ஜன்னல் மாதிரி இடைவெளி இருக்கும். உள்ளே நாக்கு தெரியும். இதை நாங்கள் 'ஓபன் பைட்' என்போம். தமிழில் திறந்த கடி என்று சொல்லலாம்.

இந்தப் பிள்ளைகளால் கொய்யாப்பழத்தை முன்பல்லால் கடிக்க முடியாது. 'ச' சொன்னால் காற்று போகும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும்.

இது ஏன் வருது? விரல் சூப்புறது ஒரு காரணம். மூக்கடைப்போ, மூக்குக்குப் பின்னால் சதை வளர்ச்சியோ இருந்து வாயால் மூச்சு விடுறது இன்னொன்று. சிலருக்குத் தாடை எலும்பு வளரும் விதமே காரணம். நாக்கும் சேர்ந்துகொள்ளும்.

நாக்கைப் பற்றி அமெரிக்காவின் பேராசிரியர் வில்லியம் பிராஃபிட் 1978இல் ஒரு முக்கியமான விளக்கம் எழுதினார். நாம் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் தடவை எச்சில் விழுங்குகிறோம். ஒவ்வொரு தடவையும் நாக்கு பல்லைத் தள்ளுவது ஒரு நொடிதான். எல்லாம் சேர்த்தால் 17 நிமிஷம்கூட ஆகாது. பல்லை நகர்த்த அது போதாது. ஆனால் நாக்கோ விரலோ மணிக்கணக்கா பல்லுக்கு நடுவில் சும்மா இருந்தாலே போதும், பல் நகர்ந்துடும். ராத்திரி முழுக்க வாயில் விரலோடு தூங்குற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

மூணு, நாலு வயசு வரை விரல் சூப்பினால் பயப்பட வேண்டாம். நிலைப்பல் முளைக்கும் ஆறு, ஏழு வயசுக்குள் நிறுத்திவிட்டால், பெரும்பாலும் இடைவெளி தானாகவே குறையும். அதற்காக விரலில் சூடு வைக்காதீங்க, மிளகாய் தடவாதீங்க. பிள்ளை பயந்து போர்வைக்குள் ஒளிந்து சூப்பும். அன்பாகச் சொல்லுங்க. சூப்பாத நாளைக் காலண்டரில் குறித்துப் பாராட்டுங்க. அப்படியும் நிற்காவிட்டால், மேல் அண்ணத்தில் சின்னத் தடுப்புக் கம்பி பொருத்துவோம்.

வளர்ந்தவர்களுக்கு என்ன வழி? பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்க. கீலுக்குப் பக்கத்தில் சின்னத் துணுக்கு சிக்கினால் முன்முனை சேராது. அந்தத் துணுக்கை எடுத்துவிட்டால் முனை தானாகச் சேரும். தாடையும் அப்படித்தான். கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் எலும்புக்குள் இறக்கினால் முன்பல் சேர்ந்துவிடும். ஆனால் எதைப் பிடித்து இறக்குவது? ஜப்பானில் செண்டாய் நகரத் தோஹோக்கு பல்கலைக்கழக மருத்துவர்கள் தாடை எலும்பில் டைட்டானியத் தகடு பொருத்தி, அதைப் பிடிமானமாக வைத்து, கீழ்க் கடைவாய்ப் பல்லை 3 முதல் 5 மில்லி மீட்டர் வரை இறக்கினார்கள். 1999இல் அதை வெளியிட்டார்கள். இப்போது தோட்டுத் திருகாணி மாதிரி சின்னத் திருகு வைத்தும் செய்கிறோம். முன்பு தாடை ஆபரேஷன்தான் என்று சொல்லப்பட்ட சிலருக்கு இதனால் ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா, தோட்டை அடகு வைத்து மகளுக்குக் கிளிப் போட வந்தாங்க. இரண்டு வருஷத்தில் பல் அழகாகச் சேர்ந்தது. மகிழ்ச்சியா அனுப்பி வைத்தேன். அடுத்த வருஷமே இடைவெளியோடு அந்தப் பெண் திரும்பி வந்தது. பல்லைப் பார்த்த நான், நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. கிளிப் கழற்றிய பிறகு தகடு போடுவதன் அவசியத்தையும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்குது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. சிகிச்சை முடிந்து பல வருஷம் கழித்து 41 பேரைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு 3 மில்லி மீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி மறுபடி வந்திருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் வெளியான கணக்கில், சுமார் நாலில் மூணு பேருக்குப் பல் சேர்ந்தபடியே நிலைத்திருந்தது. நம்பிக்கை உண்டு, உத்தரவாதம் இல்லை.

ஆகவே சகோதரிகளே, குழுவில் உள்கடன் வாங்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்க. ஒன்று, என் பிள்ளைக்கு இது எதனால் வந்தது? இரண்டு, அந்தக் காரணத்துக்கும் வைத்தியம் உண்டா? மூன்று, கிளிப் கழற்றிய பிறகு எத்தனை வருஷம் தகடு போடணும், அதற்கு எவ்வளவு செலவு? பதில் சொல்லாமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசினால், எழுந்து வாங்க. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் காட்டலாம்.

ஏழு வயசுக்குள் பார்த்துவிட்டால், தோட்டை அடகு வைக்காமலேயே பல பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம். இன்று ராத்திரி பிள்ளை தூங்கும்போது ஒரு தடவை போய்ப் பாருங்க. வாய் திறந்திருக்கிறதா, விரல் உள்ளே இருக்கிறதா என்று. அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்க.