கோயிலும் காணியும்: சில நாவல்கள் பற்றி ஒரு வாசகர் கருத்து

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாவல்களிற் சமயமும் சமுதாயமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். நாம் திறனாய்வாளர் அல்லர். பண்டிதப் பட்டமும் நமக்கில்லை. கைக்கு அகப்பட்டதை வாசித்து, வாசித்ததைப்பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க இயலாத ஒரு வாசகர் என்னும் உரிமை ஒன்றே நமக்குண்டு. ஆகவே, இங்கு கூறப்படுவன தீர்ப்புகள் அல்ல. நம் சொந்தக் கருத்துகளே.

சமய நாவல் என்றதும் பலருக்குக் கொட்டாவி வருகின்றது. அதில் நியாயமும் உண்டு. பக்தியுள்ளவன் துன்புற்று ஈற்றில் வாழ்வான். பாவி கடைசி அத்தியாயத்தில் மனந்திரும்புவான். இடையிடையே ஆசிரியர் மேடையேறி நம்மை நல்வழிப்படுத்துவார். ஆயினும் தமிழ் நாவலின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். 1879 இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாயூரத்தில் முனிசீப்பாக இருந்தவர். 1885 இல் ‘அஸன்பேயுடைய கதை’யை நமது நாட்டில் எழுதிய கண்டி சித்திலெவ்வை இஸ்லாமியர், அவரும் சட்டத் தொழிலர். 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதிய மங்களநாயகம் தம்பையா யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. தமிழில் இக்கலைக்கு வித்திட்டோர் பலர் சமய நம்பிக்கையுடையோர். அவர்களுட் சிலர் நீதிமன்றப் படிகளில் மனிதரின் பொய்யையும் மெய்யையும் கண்டவர்கள். அவர்கள் போதித்தார்கள் என்று நாம் குறைகூறலாம். நாவலை வீண்பொழுதுபோக்காகக் கருதினார்கள் என்று கூற முடியாது.

ஒரு சமய நாவலை எடுத்தவுடன் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. இதில் வருபவனுடைய நம்பிக்கை அவனுடைய காணியுறுதியைத் தொடுகின்றதா? கிணற்றையும் களஞ்சியத்தையும் தொடுகின்றதா? தொடாவிட்டால் அந்நூலை மரியாதையோடு மூடி வைத்துவிடுவோம்.

தொட்ட நாவல்களில் தலையாயது டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ என்பது நம் கருத்து. அது 1899 இல் வெளிவந்தது. நெஹ்லூதவ் என்னும் பிரபு ஜூரர் ஆசனத்தில் அமர்கின்றான். கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கும் பெண், தான் இளமையிற் கெடுத்து, கையில் நூறு ரூபிளைத் திணித்துவிட்டுக் கைவிட்ட கத்யூஷா. இங்குள்ள சட்டத்தரணிகள் அடுத்த பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். கொல்லும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை என்றே ஜூரர்கள் நம்புகின்றார்கள்; ஆயினும் தீர்ப்பை எழுதும்போது அந்தச் சொற்களைச் சேர்க்க மறந்துவிடுகின்றார்கள். அம்மறதியால் அவளுக்கு நான்காண்டுக் கடூழியம். கொடியவர் எவரும் அந்த அறையில் இல்லை. பசியும் அவசரமும் சலிப்புமே இருந்தன.

கமக்கார நண்பர்களுக்கு நாம் பரிந்துரைப்பது வேறு பகுதியை. மனச்சாட்சி உறுத்த, அப்பிரபு தன் நிலங்களைக் குடியானவர்களுக்கு விடப் புறப்படுகின்றான். ஓரூரிற் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்த குத்தகைக்குக் கொடுக்கின்றான். அவர்களோ மகிழவில்லை, இன்னும் குறைத்திருக்கலாமே என்கின்றார்கள். அவனுக்கும் மனம் நிறையவில்லை. அடுத்த ஊரில் நிலத்தையே கொடுத்துவிடுவதாகக் கூறுகின்றான். அங்கே, ‘இதில் என்ன சூது?’ என்று பார்க்கின்றார்கள். பரம்பரையாக ஏமாற்றப்பட்டவனிடம் நாளைக் காலையில் நன்றியை எதிர்பார்க்கும் தர்மவான்கள் இவ்விடத்தை இருமுறை வாசிக்கட்டும். கொடுப்பவன் மனந்திரும்பினாற் போதாது. வாங்குபவன் நம்புவதற்கும் காலம் வேண்டும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பக்திமான் வேறொருவரை நாம் அறியோம்.

அந்நாவலிற் கோயில் இருமுறை வருகின்றது. கத்யூஷாவின் இளமைக் காலத்து ஈஸ்டர் இரவு வழிபாடு, ஒளியும் அன்பும் நிறைந்தது. பின்னர்ச் சிறைச்சாலையில் விலங்கு பூட்டியவர்கள் முன்னிலையில் நிகழும் வழிபாடு, நெஞ்சைச் சுடும் ஏளனத்தோடு வருணிக்கப்படுகின்றது. 1901 இல் ருஷியத் திருச்சபை அவரை விலக்கியது. அவரோ இந்நாவலால் வந்த பணத்தை, அரசின் கொடுமையால் நாட்டைவிட்டுக் கனடாவுக்குப் போன டுகபோர் என்னும் சமயப் பிரிவினருக்குக் கொடுத்தார். விலக்கியவர், விலக்கப்பட்டவர், இருவருள் எவர் கிறிஸ்துவுக்கு அண்மையில் நின்றார் என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். கடைசிப் பக்கங்களிற் சுவிசேஷ வசனங்களை அடுக்கியதைமட்டும் நாம் விரும்பவில்லை. கதை சொல்லி முடித்ததை வசனம் மீண்டும் சொல்லவேண்டியதில்லை.

தென்னாபிரிக்கரான அலன் பேட்டன் 1948 இல் வெளியிட்ட ‘அழு, என் அன்பு நாடே’ என்னும் நாவலும் மண்ணின் கதையே. நாட்டாற் பகுதியின் வறண்ட பள்ளத்தாக்கொன்றில் ஸ்டீவன் குமாலோ என்னும் கறுப்பினப் பாதிரியார் வாழ்கின்றார். மழை மேல்மண்ணை அரித்துப் போகின்றது. மண் போன வழியே இளைஞரும் ஜோகனஸ்பேர்க் நகருக்குப் போகின்றார்கள். அவருடைய மகன் அங்கே ஒரு வெள்ளையரைச் சுட்டுக் கொல்கின்றான். கொல்லப்பட்டவரோ கறுப்பின மக்களின் நியாயத்திற்காக எழுதிவந்தவர். குமாலோவின் பள்ளத்தாக்கிற்கு மேலேயுள்ள பெரும்பண்ணைக்காரரின் மகன். ஒருவர் மகன் தூக்குமேடைக்கு. மற்றவர் மகன் ஏற்கெனவே மண்ணுக்குள். இவ்விரு தந்தையரும் சந்திக்கும் பக்கங்களை உலர்ந்த கண்ணோடு வாசிப்பது கடினம்.

எனினும் ஒரு முரண்பாடு நமக்குண்டு. பண்ணைக்காரர் மனமிரங்கிக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகின்றார். விவசாயப் போதனாசிரியர் ஒருவரை அழைத்து வருகின்றார். அணை கட்டவும் ஏற்பாடு செய்கின்றார். எல்லாம் நல்லவை. ஆனால் அந்த இளம் போதனாசிரியரே, பால் வருவதற்கு நன்றி கூறினாலும், பிறர் கொடையிற் பிழைப்பது தீர்வாகாது என்னும் கருத்தைக் கிழவரிடம் சொல்கின்றார். கிழவர் கலங்குகின்றார். நமக்கோ, நாவலின் மிக விழிப்பான குரல் அந்த இளைஞருடையதே என்று தோன்றுகின்றது. பேட்டன் அவரைக் கடைசியில் அரைகுறையாகவே பேசவிட்டார். அதே 1948 இல் அந்நாட்டில் நிறவெறிக் கொள்கையை முழக்கிய கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாட்சி 1994 வரை நீடித்தது. பாலாற் கழுவப்படும் கறையாக அது இருக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குமாலோவுக்காக அழும் நாம் கே. டானியலை வாசிக்கும்போது ஏன் நெளிகின்றோம்? 1957 இலேயே சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தன் வாசலில், உள்ளே போய்க் கும்பிடுவதற்கு மனிதர் போராடவேண்டியிருந்தது. அக்காலப் போராட்டங்களிலிருந்து எழுந்தது 1972 இல் வெளிவந்த ‘பஞ்சமர்’. டானியல் அப்போராட்டங்களிற் கலந்துகொண்டவர், எட்டநின்று எழுதியவரல்லர். அவருடைய பாத்திரங்கள் சிலவிடங்களிற் கட்சி மேடைக்காகப் பேசுகின்றன என்பது உண்மை. கொடியவர் முற்றாகக் கொடியவராகவே வருவதும் கலைக்குக் குறையே. ஆனால் அந்தப் பேச்சுமொழி, அந்த வேலி, அந்தக் கிணற்றடி எங்கிருந்து வந்தவை என்று இச்சபையில் எவரும் கேட்கமாட்டீர்கள்.

நாம் மிகவும் மதிப்பது அவர் மறைந்த 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கானல்’. ஒடுக்கப்பட்ட குடிகள் விடுதலையை நாடிக் கிறிஸ்தவத்திற் சேர்கின்றார்கள். சேர்ந்த பின்னும் சாதி அவர்களை விடுவதாயில்லை. நாவலின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகின்றது. சைவருக்கு மகிழ்ச்சி தரும் நூல் என்று இதை எவரேனும் எண்ணினால் ஏமாந்துபோவர். தாகத்தோடு அவர்களை ஓடவைத்தது எந்தக் கோயிலின் சாத்திய கதவு என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. மிஷன் பாடசாலைகள் தந்த கல்வியைப் பெருமையாகப் பேசுவோருக்கும் இது இனிக்காது.

‘பழைய கதை, கிளறுவானேன்?’ என்று கேட்கும் நண்பர் சிலர் உண்டு. கல்யாணப் பேச்சில் முதலில் விசாரிக்கப்படுவது எது என்பதை அவர்கள் தம் வீட்டிலேயே கேட்டறியலாம்.

நம் விண்ணப்பம் ஒன்று. அடுத்த வாசகர் கூட்டத்துக்குக் ‘கானல்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் அறங்காவலர் ஒருவரையும் சுவாமியார் ஒருவரையும் அழையுங்கள். அந்நூலிற் சொல்லப்பட்ட குடிகளின் வழிவந்தோர் இவ்வூரில் இருக்கின்றார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்தி, முதற் பேச்சை அவர்களுக்கே கொடுங்கள். நாம் பின்வாங்கில் இருந்து கேட்போம்.