முதல் தீர்ப்பும் மறுபார்வையும்



ஒரு படைப்பு வெளிவந்த நாளில் வழங்கப்படும் தீர்ப்பு, அப்படைப்பைப் பற்றியதா, அதனிடம் எதிர்பார்க்கப்பட்டதைப் பற்றியதா? இவ்வினாவுக்குத் திரையுலகம் தரும் தக்க சான்று, ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேட் ரன்னர்’. பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய அறிவியல் புதினத்தைத் தழுவிய இப்படம், 1982 ஜூன் 25இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. முழுப் படத்தைக் காணாமலே அவ்வாண்டு மார்ச்சில் புதின ஆசிரியர் மறைந்தார்.

கதை எளியது. களம், 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ். நான்கே ஆண்டு வாழ்நாள் விதிக்கப்பட்ட செயற்கை மனிதர் சிலர் விண்வெளிக் குடியேற்றத்திலிருந்து தப்பிப் பூமிக்கு வருகின்றனர். அவர்களைத் தேடிக் கொல்வது டெக்கார்டின் பணி. அவ்வேடம் ஏற்றவர் ஹாரிசன் ஃபோர்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகர் துப்பாக்கியுடன் துரத்துகிறார் என்றால் மக்கள் எதை நாடி வந்திருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்டதோ ஓயாத மழை, புகை, தயக்கம், தனிமை. இரு வாரங்களுக்கு முன் வெளியான ‘இ.டி.’ அன்பே உருவான வேற்றுலக உயிரைக் காட்டி உள்ளங்களைக் கவர்ந்திருந்த கோடை அது. ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் உருவான ‘பிளேட் ரன்னர்’ முதல் ஓட்டத்தில் தோல்வியுற்றது.

திறனாய்வாளர்களும் கடுமை காட்டினர். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் மதிப்புரை, பெயரிலுள்ள ‘ரன்னர்’ என்பதை நீக்கி, ஊர்ந்து செல்பவர் எனப் பொருள்படும் சொல்லை இட்டு எள்ளியது. நியூயார்க்கர் இதழில் பாலின் கேல், காட்சிகளின் செறிவை ஒப்பினாலும், மனித வாழ்வு பற்றிய சிந்தனை இல்லை என்று குறைகூறினார். ரோஜர் ஈபர்ட் காட்சியமைப்பைப் போற்றி, மனிதக் கதை மெலிந்தது என்றார்.

இவர்களை ரசனையற்றவர் என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. அவர்கள் கண்ட வடிவம் வேறு. முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர் குழம்பியதால், டெக்கார்டே கதையை விளக்கும் பின்னணிக் குரலையும் இனிய முடிவையும் தயாரிப்புத் தரப்பு சேர்த்திருந்தது. அம்முடிவுக்கு வேண்டிய மலைக்காட்சிகள், ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுக்கப்பட்டுப் பயன்படாதிருந்தவை.

இச்சேர்க்கை செய்த ஊறு உச்சக்காட்சியில் புலனாகும். அங்கே துரத்தியவன் துரத்தப்படுகிறான். கூரை விளிம்பில் தொங்கும் டெக்கார்டை, சாகும் தறுவாயிலிருக்கும் ராய் பேட்டி தூக்கிக் காப்பாற்றுகிறான். ராயாக நடித்த ரட்கர் ஹாவர், எழுதித் தரப்பட்ட நீண்ட உரையைத் தாமே சுருக்கி, மழையையும் கண்ணீரையும் இணைக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். சொற்கள் குறையக் குறையப் பொருள் பெருகியது. அவன் தலை கவிழ்ந்ததும் எழ வேண்டிய மௌனத்தில் பின்னணிக் குரல் புகுந்து, அவன் காப்பாற்றியதன் காரணத்தை ஊகிக்கிறது. நடிகர் வெட்டியதை விளக்கம் மீண்டும் ஒட்டிவிட்டது எனலாம்.

1990இல் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கொன்றில், வெளியீட்டுக்கு முந்தைய படியொன்று தற்செயலாகத் திரையிடப்பட்டது. அதற்குக் கிடைத்த ஆதரவு வழிவகுக்க, 1992இல் குரலும் இனிய முடிவும் நீங்கிய ‘இயக்குநர் வடிவம்’ வந்தது. மறு ஆண்டே அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது. 2007இல் ஸ்காட்டின் இறுதி வடிவம் வெளியானது. ஈபர்ட்டும் அவ்வாண்டு இதனைத் தம் சிறந்த படங்களின் வரிசையில் சேர்த்தார்.

எனினும், முதல் தீர்ப்பு முற்றும் பொய்த்துவிடவில்லை. துப்பறியும் கதை இன்றும் மெலிந்ததே. ரேச்சலை டெக்கார்டு வற்புறுத்தும் காட்சியின் வன்மையை எந்த வடிவமும் போக்கவில்லை. காலம் ஒரு படைப்பின் குறைகளை அழிப்பதில்லை. அக்குறைகளுக்கு அப்பால் இருப்பதைக் காணும் கண்ணைத் தருகிறது.

கவிஞருக்கும் திறனாய்வாளருக்கும் இதில் பாடம் உண்டு. வாசகர் குழம்புவாரோ என்னும் அச்சத்தில் சேர்க்கப்படும் விளக்கவரி, கவிதையின் உயிர் நின்ற இடத்தையே அடைத்துவிடக்கூடும். ஓடவில்லை என்று ஒரு படைப்பைப் பழிக்குமுன், அது ஓடவே புறப்பட்டதா என்று திறனாய்வாளர் கேட்டாக வேண்டும். ‘பிளேட் ரன்னர்’ பிழைத்தது, பழைய படியொன்று எங்கோ எஞ்சியிருந்ததால். கையெழுத்துப் படியும் அழிந்துபோன கவிதைக்கு அந்த வாய்ப்பில்லை. முதல் தீர்ப்பே அதற்கு இறுதித் தீர்ப்பாகிவிடும். எழுதுகோல் எடுக்கும் மதிப்புரையாளர் மறக்கலாகாத பொறுப்பு அது.