ஒரு கணினி, இரண்டு இயங்குதளங்கள்



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு முடிவுற்றது. நல்ல நிலையில் உள்ள பல பழைய கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றவை. அதனால் அவற்றைக் கழித்துவிட வேண்டியதில்லை. லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவை விண்டோஸுடன் சேர்த்தே நிறுவலாம். கணினியைத் தொடங்கும்போது வேண்டியதைத் தெரிவு செய்யலாம். விலை ஏதுமில்லை.

இது ஒரு பாகப்பிரிவினை. எல்லை வகுக்குமுன் உடைமைகளைக் காப்பது முறை. எனவே, முதலில் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். பின்னர், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு அதன் பிரிவைச் சுருக்கி, 50 ஜிபி அளவேனும் வெற்றிடம் விடுங்கள்.

அடுத்தது விரலி. 16 ஜிபி கொள்ளளவு போதும். உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை அதில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற செயலியால் எழுத வேண்டும். விரலியில் முன்பிருந்தவை அப்போது அழிந்துவிடும்.

விரலியிலிருந்து கணினியைத் தொடங்கியதும் நிறுவ விரையாதீர்கள். நிறுவாமலே உபுண்டுவை இயக்கி, இணையமும் ஒலியும் விசைப்பலகையும் ஒத்துழைக்கின்றனவா எனச் சோதியுங்கள்.

நிறுவும்போது, "விண்டோஸுடன் நிறுவுக" என்றும் "வட்டை அழித்து நிறுவுக" என்றும் பொருள்படும் இரு தெரிவுகள் அடுத்தடுத்துத் தோன்றும். முன்னது வீட்டைப் பகிரும். பின்னது வீட்டையே இடித்துவிடும். குடும்பத்துக்கு ஒரே கணினி இருக்கும் இல்லத்தில், படிக்காமல் அழுத்தும் ஒரு பொத்தான் பல்லாண்டு நிழற்படங்களைப் போக்கிவிடும். இங்கே நம்மைக் காப்பது வாசிப்பே. ஆசிரியர்களே, ஒவ்வொரு திரையின் பொருளையும் மாணவர் தம் சொற்களில் தமிழில் விளக்கிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லவிடுங்கள். விளக்க இயலாத ஒன்றை அவர்கள் அழுத்தலாகாது.

நிறுவியபின் விண்டோஸின் கடிகாரம் சில மணிநேரம் பின்தங்கக்கூடும். அது பழுதன்று. லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் கணினிக் கடிகாரத்தில் கொள்வதன் விளைவே அது; அமைப்பில் திருத்திக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையையும் உபுண்டுவின் அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

கருவியை ஆள விழைவோர் முதலில் அது சொல்வதைப் படித்து உணரட்டும்.