கணினிக் கல்வியும் பாடத் தேர்வும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கம் கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கும் இந்நாளில் வாழ்த்துரை கூறி அமர்ந்துவிடுவது எளிது. ஆயினும், பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்தவுடன் நம் குருவிகுளம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு பிழையைப் பற்றிப் பேசவே விரும்புகிறோம். எந்தப் பாடத்தை எடுப்பது என்பதை நம் பிள்ளைகள் முடிவு செய்வதில்லை. கிடைத்த இடத்தில் அமர்ந்துவிடுகின்றனர்.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமற்கிருதம் பயில விரும்பினார். தீண்டத்தகாதவர் பிள்ளை என்று அது மறுக்கப்பட்டது. பாரசீகத்தை எடுக்க நேர்ந்தது. அதே அண்ணல் 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றபோது தடுப்பார் எவருமிலர். அங்கிருந்த மூன்றாண்டுகளில் பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் செருமனியிலும் ஒவ்வொன்று எனப் பயின்றார். 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிடவிருந்தவர், பத்தாண்டுகளுக்கு முன்பே அதற்கான பாடங்களைத் தாமே தெரிந்தெடுத்தார் என்பதை நினைந்து பாருங்கள்.

இன்று நம் பிள்ளைகளிடம், "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால் பலரும் "கம்ப்யூட்டர்" என்கின்றனர். நல்ல விருப்பமே. ஆனால் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் பாடத்தின் பெயரில் இருந்தாலே போதும் என்று எண்ணுவதில்தான் இடர் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவன் ஒருவன், தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாயின் மகன், மேனிலை வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் அடங்கிய பிரிவில் சேர்ந்தான். அதைப் படித்தால் கணினிப் பொறியாளர் ஆகலாம் என்று நம்பினான். ஈராண்டு கழிந்த பின்னரே, பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும் என்பதை அறிந்தான். அவனை அப்பிரிவில் சேர்த்தவர் யார்? பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 48 மதிப்பெண் பெற்றவனை முதற்பிரிவில் சேர்த்தால் தேர்ச்சி விழுக்காடு குறையுமே என்று அஞ்சி, தலைமையாசிரியர் இருக்கையில் அமர்ந்திருந்த நாமே சேர்த்தோம். பின்னர் அவன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டே பல்தொழில்நுட்பக் கல்லூரியில், தன்னினும் இரண்டு வயது இளையோருடன் முதலாண்டில் அமர்ந்தான். பட்டயம் பெற்றுப் பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்தான். எம்மைக் கண்டபோது, "ரெண்டு வருசந்தானே ஐயா" என்றான். ஈராண்டுக் கூலி அவன் தாய்க்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் அறிவோம்.

வணிகவியலைத் தாழ்த்திப் பேசவில்லை. அதிலிருந்து கணக்காளராகலாம், பல கல்லூரிகளில் பி.சி.ஏ. வகுப்பிலும் சேரலாம். ஆனால் பி.காம். படித்தவர் பின்னர் எம்.சி.ஏ. சேர எண்ணினால், மேனிலை வகுப்பிலேனும் பட்டப்படிப்பிலேனும் கணிதம் பயின்றிருப்பது விரும்பத்தக்கது. அங்கும் கணிதத்துக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவின் ஈராண்டுக் கல்லூரிகளிலும் இதே நிலைதான். அங்குக் கணினியில் வழங்கும் இணைப்பட்டம் இருவகை. உடனே வேலைக்குச் செல்வோர்க்கானதில் கணிதம் குறைவு. பல்கலைக்கழகத்தில் மேலும் பயில விரும்புவோர் நுண்கணிதம் எடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணியவன் பின்னர் வருந்துவான்.

இனி இரண்டு வழிகளை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மேனிலைக் கல்வி ஈராண்டு, பொறியியல் நான்காண்டு, ஆக ஆறு. பட்டயப் படிப்பு மூன்றாண்டு, பொறியியல் இரண்டாமாண்டிலிருந்து மூன்றாண்டு, அதுவும் ஆறே. வேறுபாடு எங்கே? பட்டய வழியில் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே வேலைக்குரிய சான்றிதழ் கையில் இருக்கும். ஆறாண்டும் படிக்க வைக்க இயலுமோ என்று ஐயுறும் குடும்பத்துக்கு இதுவே தக்கது என்பது நம் கருத்து. மேனிலை வழியிலோ, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. அவற்றில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்க்கு அவ்வாயில் இல்லை. இதைச் சொல்லாமலேயே பிள்ளைகளைப் பட்டயப் படிப்புக்கு அனுப்புகின்றனர்.

பட்டயப் படிப்பு கணிதத்திலிருந்து தப்பும் வழியுமன்று. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் யாவும் உண்டு. அதன்பின்தான் 'சி' மொழி, தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு என்று வரும். 'சி' மொழி புரியாதவனுக்குத் தரவுக் கட்டமைப்பு புரியாது. முதலாண்டில் இரண்டு அரியர் வைத்தவன் மூன்றாமாண்டு வரை அவற்றைச் சுமந்து திரிவதைக் கண்டிருக்கிறோம். விருப்பப் பாடம் எடுக்கும் வேளையில் நண்பன் எடுத்ததை எடுக்காதீர்கள்; அடுத்து எங்கே போகப் போகிறோம் என்பதைக் கொண்டு எடுங்கள். தூத்துக்குடியிலும் மதுரையிலும் அரசுப் பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. கணினிப் பிரிவு உண்டா என்று கேட்டறிந்தே விண்ணப்பியுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆதிதிராவிட மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை பட்டயப் படிப்புக்கும் உண்டு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நாளில் தேடி அலையாதீர்கள்.

தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில், மாலை 5 மணி முதல் நம் சங்கக் கட்டடத்தில் ஆசிரிய நண்பர் இருவருடன் அமர்ந்திருப்போம். மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். தாயையோ தந்தையையோ உடன் அழைத்து வாருங்கள். கணிதத்தில் 48 பெற்றவர் முதலில் வரவேண்டும்.